மாண்டலினில் ஒரு சறுக்கல்

போன வாரம் டூட்டிங் ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்தான். மட்டன் ரோல் பையும் கையுமாகப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ரோல் வாசமும் மாண்டலினும் ஒன்றாக வந்தால் எனக்குச் சிவா அண்ணைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரே பெற்றோல் ஷெட்டில் எங்களுக்கு வேலை. அண்ணை ஊரில் ஓர் இசைக்குழுவில் மாண்டலின் வாசித்தவர். பக்கத்துப் பப்பின் பின்னறையில் செவ்வாய்தோறும் புளூகிராஸ் என்ற அமெரிக்க மலைநாட்டுச் சங்கீதம் வாசிப்பார்கள். பேஞ்சோ, பிடில், கிற்றார், எல்லாம் பஸ் பிடிக்க ஓடுகிற வேகத்தில். பெற்றோல் அடிக்க வரும் டெரெக் என்ற தபால்காரர்தான் அவர்களுக்குத் தலைவர். அண்ணையைக் கூப்பிட்டதும் அவரே. நான் ரோல் பையோடு கூடப் போவேன். தாளம்கூடத் தட்டத் தெரியாதவன் எப்படி ரசிகனானேன் என்று கேட்காதீர்கள். அந்த அறையில் ஹீட்டர் இருந்தது.

அங்கே ஒரு முறை உண்டு. வட்டமாக நிற்பார்கள். டெரெக் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ, அவர் ஒரு சுற்றுத் தனியாக வாசித்துவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். முதல் நாள் அண்ணைக்குத் தலையசைத்தார். அண்ணை கண்ணை மூடினார். கம்பியை விரலால் இழுத்து, மோகனத்தில் ஒரு சறுக்கல் சறுக்கினார், எனக்கே புல்லரித்தது. ஆனால் சுற்று முடிந்தும் அவர் விடவில்லை. எங்கள் கச்சேரியில் ஒருவர் விரித்து வாசிக்கும்போது யார் குறுக்கே போவார்கள்? அவர் கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் வாத்தியங்களை இறக்கியிருந்தார்கள்.

"அருமை" என்றார் டெரெக். அதன்பிறகு அந்தத் தலை அண்ணை பக்கம் திரும்பவே இல்லை. அண்ணை வருடக்கணக்காகப் பின்னால் நின்று தாளம் மட்டும் போட்டார். வீட்டில் அதே சறுக்கலை ஒரு சுற்றுக்குள் அடக்கி அடக்கிப் பழகினார்.

"இப்ப எனக்கு அளவு பிடிபட்டிட்டுது. ஒருக்கா ஒரு சுற்றுத் தந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்பார். வாய்விட்டுக் கேட்கமாட்டார்.

ஒரு கோடையில் ஊருக்கு வெளியே வயல்வெளியில் விழா. குழுவுக்கு மாண்டலின்காரர் தேவை. அண்ணையைப் போடலாமே என்று நான்தான் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் டெரெக். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் 'இல்லை' என்பதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அண்ணை ஷிப்டை மாற்றி, சட்டையை மினுக்கிப் போட்டு, மாண்டலினோடு வந்தார். மேடையில், முதல் நாள் வட்டத்தில் இருந்த வேறொருவன் மாண்டலினோடு நின்றான். அண்ணையின் சறுக்கலை அப்படியே வாசித்தான். சரியாக ஒரு சுற்று. கைதட்டல் ஓயவே இல்லை.

நான் எழுந்துவிட்டேன். அண்ணை கையைப் பிடித்து இழுத்தார்.

"இரடாப்பா. அளவா வாசிக்கிறான்."

இறங்கி வந்த டெரெக் அவரைக் கட்டிப்பிடித்து, "கேட்டாயா, அது உன்னுடையது" என்றார். ஒருவருடைய வாசிப்பை எடுத்து வாசிப்பது அவர்களிடையே மரியாதையாம். மனதாரத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

கோச் பஸ்ஸில் திரும்பும்போது அண்ணை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "என்ர வாசிப்பு மேடைக்குப் போகலாமாம். நான் போகேலாதாம்."

பிறகு நாங்கள் அந்தப் பின்னறைக்குப் போகவில்லை. பப்பை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள். அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாண்டலினை எந்தக் கடையில் கொடுத்தாள் என்று அவர் மகளுக்கே நினைவில்லை. ஆனால் டூட்டிங்கில் அந்த இளைஞனின் விரலில் அதே சறுக்கல்.

யாருடையது என்று கேட்டேன். பழைய மரபு, ஆக்கியவர் யாரென்று தெரியாது என்றான்.

"சிவபாதம்" என்றேன். "தோர்ண்டன் ஹீத், பெற்றோல் ஷெட்."

அவன் பணிவாகச் சிரித்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினான்.