சர்க்கரையைத் தொடாத கட்டி

ஸ்வர்ணா பெங்களூர் அடுகோடியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிறந்தது கோலார் தங்கவயலில்; கல்யாணமாகி வந்தது காக்ஸ் டவுனுக்கு. எதையும் "ஏன்?" என்று கேட்காமல் விடமாட்டார். முதல் வகுப்பிலேயே பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

ஐம்பது வயதைத் தாண்டியபோது விடாத வயிற்றுவலி வந்தது. கணையத்தில் கட்டி, அபூர்வமான, மெதுவாக வளர்கிற வகை என்றார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். அடுத்த வருஷம் ஈரலில் ஏதோ நிழல் தெரிந்தது. பரவியிருக்கிறதா என்று பார்க்க, கதிர்வீச்சுள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றி பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும். ஈரலில் எதுவுமே ஒளிரவில்லை. கணவர் டிரேவர் சந்தோஷத்தில் கேக் வாங்கி வந்துவிட்டார்.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மிக்கு மட்டும் திருப்தியில்லை.

"இந்தக் கட்டி சர்க்கரையை அவ்வளவா எடுத்துக்காது. அதனால படத்துல தெரியாமப் போகலாம். இது மேல போய் ஒட்டிக்கிற வேற மருந்து இருக்கு. அதைப் போட்டும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்."

அந்தப் படத்தில் ஈரலில் மூன்று புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. டிரேவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்வர்ணா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அப்போ கீழ பெருசா எரியுதே, அது இன்னா மேடம்?"

"அது கிட்னி. மருந்து வெளிய போற வழி. பயப்படாதீங்க."

மாதம் ஒரு ஊசி என்று சிகிச்சை தொடங்கியது. வகுப்புகளும் நடந்தன. இரண்டு வருஷம் கழித்து, இரண்டு விதமாகவும் மறுபடி படம் எடுத்தார்கள். ஒட்டுகிற மருந்தின் படத்தில் ஒரு புள்ளி மங்கியிருந்தது.

"ஒண்ணு போயிடுச்சா?" என்று கேட்டார் ஸ்வர்ணா.

டாக்டர் சர்க்கரைப் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதே இடம் அதில் ஒளிர்ந்தது.

"போகல. அது மட்டும் குணம் மாறிடுச்சு. இப்ப சர்க்கரையை இழுக்குது. வேகமா வளரப் பாக்குதுன்னு தோணுது."

திரும்பும்போது பயிற்சிக் காரை டிரேவர் ஓட்டினார். சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனி பிரேக் உள்ள பக்கத்து இருக்கையில் ஸ்வர்ணா உட்கார்ந்திருந்தார். திடீரென்று தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். ஓசூர் ரோட்டில் பின்னால் எல்லா வண்டியும் ஹார்ன் அடித்தது.

"இன்னா ஆச்சு ஸ்வர்ணா?"

"தெரிலங்க. கால் தானா போச்சு," என்று சொல்லிவிட்டு அழுதார்.

அந்தப் புள்ளியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். சந்தேகம் சரிதான். ஊசி வழியாகச் சூடு கொடுத்து அதைப் பொசுக்கினார்கள். அடுத்த முறை இரண்டு படங்களிலும் அந்த இடம் இருட்டாக இருந்தது. மற்ற இரண்டு புள்ளிகளும் வளரவில்லை.

"மூணும் ஒரே கட்டிலேர்ந்துதானே மேடம் வந்துது? இது ஒண்ணு மட்டும் ஏன் மாறிச்சு?"

ஸ்ரீலக்ஷ்மி இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தார். "தெரியல ஸ்வர்ணா. உங்களோடதுல ஏன்னு என்னால சொல்ல முடியல."

வெளியே வந்ததும் ஸ்வர்ணா அதை டிரேவரிடம் சொன்னார். அவர் திரும்பி ஆஸ்பத்திரியைப் பார்த்தார். "டாக்டருக்கே தெரிலயா?"

"ஆமாங்க," என்றார் ஸ்வர்ணா. "அடுத்த படத்துல இன்னா தெரியுதுன்னு பாக்கணும்."