மூன்றாவது சுவரொட்டி

என் தம்பி காணாமல் போய் இன்றோடு நூற்று இருபத்தெட்டு நாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனான். அவனுக்கு எழுபத்தொரு வயது, எனக்கு எழுபத்தாறு. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். மனைவி இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், பெரம்பலூரில் எங்கள் வீட்டில்தான் ஐந்து வருடமாக இருந்தான். கடைசி இரண்டு வருடமாக மறதி ஏறிக்கொண்டே வந்தது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு கிழமை, பிறகு தன் மனைவி இறந்துவிட்டாள் என்பது. அந்தச் செய்தியை அவனுக்கு நான் எட்டு முறை சொல்லியிருக்கிறேன். எட்டு முறையும் புதிதாக அழுதான். ஒன்பதாவது முறை கேட்டபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அன்று அரியலூரில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவனைச் சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"இங்கேயே உக்காரு. பைய விடாத. பழம் வாங்கிட்டு வந்துடுறேன்."

"சரிண்ணே."

பன்னிரண்டு சாத்துக்குடி கேட்டேன். கடைக்காரர் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். நான் கட்டைப் பிரித்து எண்ணினேன். பாதியில் யாரோ தோளில் இடித்தார்கள். சந்தேகம் வந்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். பன்னிரண்டுதான் இருந்தது. திரும்பி வந்தபோது பை பெஞ்சில் இருந்தது, அவன் இல்லை. மொத்தம் ஏழு நிமிடம். இரண்டாவது முறை எண்ணியதற்கு அதில் ஒரு நிமிடம் போயிருக்கும்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். வயலில் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, நெல்லை எடை போட்டு, அதை வைத்து வட்டாரத்தின் மகசூலைச் சொல்வோம். அடுத்தவர் எண்ணியதை அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு ஒரு நாள் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

போலீசில் புகார் கொடுத்தோம். நல்லபடியாகத்தான் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பத்திரிகையில் சின்னதாக விளம்பரம் கொடுத்தோம். அவனுக்கு ஒழுங்கான போட்டோ ஒன்றுதான் இருந்தது. ஒரு கல்யாணத்தில் அவனும் நானும் சேர்ந்து நின்று எடுத்தது. என் பக்கத்தை வெட்டிவிட்டு அவன் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவன் தோளில் என் விரல்கள் மூன்று மட்டும் மிஞ்சின.

அதே படத்தை வைத்து முதல் சுவரொட்டியை அடித்தோம். வெள்ளைத் தாள், கறுப்பு மை, நடுவில் முகம், மேலே 'காணவில்லை', கீழே விவரமும் என் போன் நம்பரும். நூறு ஒட்டினோம். நான்கு நாளில் ஒன்பது அழைப்பு வந்தது. அதில் ஆறு பேர் துக்கம் விசாரித்தார்கள். அவனோடு லாரி ஓட்டிய ஒருவர், "காரியம் என்னைக்குங்க வெச்சிருக்கீங்க? டிரைவருங்க எல்லாம் ஒரு வேன் புடிச்சு வந்துடுறோம்" என்றார். அவருக்கு நான் விளக்கிச் சொன்னேன், அவர் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் நானும் என் மனைவியும் அரியலூர் போனோம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருந்த சுவரொட்டிக்கு மேலே யாரோ ஆணி அடித்துச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். என் மனைவி கிட்டே போய் அதை இழுத்தாள். நூல் அறுந்து பூ சிதறியது.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு மால போட்டிருக்கானுங்களே, ஏங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கொழுந்தன் என்றாலும் அவளுக்கு அவன் பிள்ளைதான்.

அன்று மாலையே பெரம்பலூரில் அச்சடித்த கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். திருச்சியில் அதற்கென்றே படித்தவள். சுவரொட்டிக்கு மாலை போட்ட விஷயத்தைச் சொன்னதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் அப்பவே சொல்லியிருக்கணும் சார். கறுப்பு வெள்ளையில முகம் போட்டா நம்ம பக்கம் அது சாவுதான். கீழ என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"அப்ப எப்படித்தான் போடுறது?"

"போறவன நிக்க வைக்கணும் சார். பாப் ஆர்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரே முகத்த நாலஞ்சு கலர்ல போடுவாங்க. அடிக்கிற கலரா இருக்கும். அந்த மாதிரி பண்ணிடவா?"

அது என்னவென்று தெரியாமல் என் தம்பி முகத்தில் சாயம் பூச விடமாட்டேன் என்றேன். "சரி, படிச்சுட்டு வாங்க சார், எங்க போயிடப் போறேன்" என்று சிரித்தாள்.

மாவட்ட நூலகத்தில் கலைக்கென்று இருந்த அலமாரியில் நாற்பத்தொரு புத்தகங்கள். பாதிக்கு மேல் கோயில் சிற்பம், கோலம். ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும் பாப் ஆர்ட்டுக்குப் பதினாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று நாள் போய் உட்கார்ந்து, நோட்டுப் போட்டுப் படித்தேன். மிச்சத்தைப் போனில் தேடினேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவு. சென்ற நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில ஓவியர்கள், பெரிய மனிதர்களையும் தெய்வங்களையும் வரைந்தது போதும் என்று, மளிகைக் கடைத் தகர டப்பாவையும் சோடா பாட்டிலையும் படக்கதையில் வரும் பெண்ணையும் வரைந்தார்கள். கடையிலும் தெருவிலும் எல்லோரும் தினம் பார்த்து, பார்த்ததால் பார்க்காமலே போகிற பொருள்கள் அவை. அவற்றைப் பெரிதாக்கி, பளிச்சென்று நிறம் கொடுத்து, வரிசையாகத் திரும்பத் திரும்ப வைத்து, இப்போது பார் என்றார்கள். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. டப்பாவை வரைய ஓவியர் எதற்கு? இரண்டாம் நாள் என் தம்பியை நினைத்துக்கொண்டேன். ஐந்து வருடம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று போலீசில் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மனைவிதான் சொன்னாள்.

அச்சுப் படத்தில் வரும் புள்ளிகளையும் இந்த ஓவியர்கள் விடவில்லை. பத்திரிகைப் படம் எல்லாமே புள்ளிதான் என்பதால் அதையே பெரிதாக வரைந்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை எடுத்து, பத்திரிகையில் நாங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்தேன். என் தம்பியின் வலது கண் முப்பத்தொரு புள்ளி. இடது கண் இருபத்தெட்டு. இரண்டாவது முறை எண்ணவில்லை.

ஒரு பக்கம் மட்டும் என்னைச் சங்கடப்படுத்தியது. அதில் ஒரே முகம் வரிசை வரிசையாக இருந்தது. முதல் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பத்தாவதுக்கு வருவதற்குள் கண் தானாக நழுவியது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"அதனாலதான் சார் நாலோட நிறுத்திக்குவோம்" என்றாள். பிறகு நிறம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது.

"கறுப்பும் சிவப்பும் சேந்து வரக்கூடாது சார், கட்சி. காவி, பச்சை பக்கத்துல பக்கத்துல வந்தாலும் கட்சி. மஞ்சளும் சிவப்பும் வேணாம். நீலத்துல சிவப்பு வேணாம்."

"ஒரு முகத்துக்குப் பூச மிச்சம் ஏதாவது நிறம் இருக்காம்மா இந்த ஊர்ல?"

"ரோஸ் இருக்கு, வாடாமல்லி இருக்கு, ஆகாய நீலம் இருக்கு, எலுமிச்சை இருக்கு. இத யாரும் இன்னும் எடுத்துக்கல."

இடது மேலே ரோஸ், வலது மேலே வாடாமல்லி, கீழே நீலமும் எலுமிச்சையும். நான்கு முகம், ஒவ்வொரு தோளிலும் என் மூன்று விரல், மொத்தம் பன்னிரண்டு. என் மனைவி பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கே வெள்ளச் சட்டதான் போடுவேன்னு அடம்புடிச்ச ஆளு. இத பாத்தா என்னைத்தான் திட்டும்" என்றாள். நாற்பது நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வடக்கே ரஞ்சன்குடி முதல் கிழக்கே தா.பழூர் வரை இருநூறு ஒட்டினோம். அந்தப் பெண் சொன்னது பலித்தது, எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு மாதத்தில் இருபத்தாறு அழைப்பு. புதுக் கடையா என்று கேட்டவர்கள் ஒன்பது பேர். என்ன படம், எப்போது ரிலீஸ் என்று கேட்டவர்கள் ஏழு பேர். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் தேர்தலில் நிற்கிறாரா, எந்த வார்டு என்றார்கள். மீதி மூன்று பேர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளை என்றால் செத்தவன், கலர் என்றால் கொண்டாடப்படுகிறவன். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நடந்துகொண்டிருக்கிற ஆளுக்கு எங்கள் ஊர்ச் சுவரில் நிறம் இல்லை.

இருபத்தேழாவது அழைப்பு தொண்ணூற்றொன்றாம் நாள் காலையில் வந்தது. தா.பழூரில் டீக்கடை வைத்திருப்பவர். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நேர்ல வாங்க, சொல்றேன்" என்றார். நானும் மனைவியும் உடனே பஸ் ஏறினோம். கடைக்கு எதிர்ச் சுவரில் எங்கள் சுவரொட்டி ஓரம் கிழியாமல் இருந்தது.

"நேத்து சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தாருங்க. தாடி வளந்து கிடந்துச்சு. டீ குடுத்தேன். கிளாஸ கையில வெச்சுக்கிட்டே அந்த போஸ்டர் முன்னாடி நின்னாரு. ரொம்ப நேரம். 'யாருங்க இந்த நாலு பேரும்'னு கேட்டாரு. நானும் பொறந்தநாள் போஸ்டர்னுதாங்க இத்தன நாளா நெனச்சிருந்தேன். யாரோ அண்ணன் தம்பிங்க போலன்னு சொன்னேன்."

"அப்புறம்?" என்றாள் என் மனைவி.

"அந்த வாடாமல்லி கலர கைய வெச்சுக் காட்டி, 'இது எங்க அண்ணன்'னாரு. அப்படியா, அண்ணன் எங்கன்னு சும்மா கேட்டு வெச்சேன்." கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "'பழம் வாங்கப் போயிருக்கு, இப்ப வந்துடும்'னாருங்க."

கடையில் கூட்டம் வந்ததால் கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு பார்த்தபோது காலி கிளாஸ் சுவரோரம் இருந்திருக்கிறது, ஆள் இல்லை. மறுநாள் காலையில் கடை வாசலைப் பெருக்கும்போதுதான் சுவரொட்டியின் கீழே இருந்த எழுத்தைப் படித்திருக்கிறார். "பக்கத்துலயே நின்னாருங்களே ஐயா, ஒரே ஆளுதானேன்னு எனக்குத் தெரியலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைச் சொல்லி என்ன? நானும் அவனும் ஒரே சாயல் என்று ஊரே சொல்லும். அவனுக்கே தன் முகம் தெரியவில்லை, என் முகம் தெரிந்திருக்கிறது.

போலீசுக்குச் சொன்னோம், அவர்களும் வந்து தேடினார்கள். நாங்கள் நான்கு நாள் அங்கேயே தங்கி, கொள்ளிடக் கரை வரை தேடினோம். நெல் வயல்களின் நடுவே நடக்கும்போது, முன்பு இதே வட்டாரத்தில் கயிறு கட்டி அறுத்த சதுரங்கள் ஞாபகம் வந்தன. ஒரு சதுரத்தை வைத்து முழு வட்டாரத்தையும் சொல்லிவிடலாம் என்று நம்பிய வேலை அது. ஒரு ஆளைத் தேடுவதற்கு அந்தக் கணக்கு உதவாது. ஒவ்வொரு வரப்பாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.

பெரம்பலூர் திரும்பியதும் அச்சுக் கடைக்குப் போய், அந்தக் கல்யாணப் போட்டோவின் முழுப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் திறந்தாள். நாங்கள் இருவரும் ஒட்டி நின்றோம்.

"இந்தத் தடவை என் பக்கத்தை வெச்சுக்க. அவன் பக்கத்தை வெட்டிடு. ஒரு முகம் போதும். வாடாமல்லி கலர்."

"சார், காணாம போனது நீங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"நெனச்சுக்கட்டும். இது அவங்களுக்கு இல்லம்மா."

அவள் படத்தை நடுவில் வெட்டினாள். பிறகு, "என்ன எழுதணும் சொல்லுங்க சார்" என்றாள். முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், 'பழம் வாங்கிட்டேன். இங்கேயே உக்காரு. வந்துடுறேன். அண்ணன்' என்று போடச் சொன்னேன். அடியில் சின்ன எழுத்தில், இதன் முன்னால் நின்று இவர் என் அண்ணன் என்று சொல்கிற பெரியவரைத் தயவுசெய்து உட்கார வைத்து எனக்குப் போன் செய்யுங்கள் என்று கடைக்காரர்களுக்கு ஒரு வரி. அவன் இடது கை முழங்கை மட்டும் படத்தின் ஓரத்தில் மிஞ்சியிருந்தது. அதை எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இந்தச் சுவரொட்டியையும் இருநூறு ஒட்டி முப்பது நாளாகிறது. தா.பழூர் டீக்கடைக்காரர் தன் கடைக்குள்ளேயே ஒன்றை ஒட்டி, அதற்கு நேராக ஒரு ஸ்டூலும் போட்டிருக்கிறார். பதினாலு அழைப்பு வந்திருக்கிறது. அந்தப் பெண் சொன்னதுபோலவே பதினாலு பேரும் என்னைப் பற்றித்தான் கேட்டார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். இப்போது விளக்குவதில்லை. நேற்றுக் காலை பூலாம்பாடியிலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"போஸ்டர்ல ஒரு ஐயா படம் பாத்தேன். நல்ல களையான முகம். கெடைச்சுட்டாருங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.