கேட்டுத்தான் வாங்கினேன்

என் தம்பியின் வலது கையைக் கெடுத்தவள் நான்தான்.

ஜெசி அல்ல. பெங்களூர்க் கடைக்காரரும் அல்ல. உறவு முழுவதும் அந்த இருவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நேரம் தலையாட்டவும் செய்கிறேன்... இப்படியும் ஒருத்தியா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வேறு யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

கதிர் என் ஒரே தம்பி. காடும் மலையுமாகச் சுற்றுகிறவன். ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பாறை ஏறுவதற்கென்றே பிறந்த கைகள் அவனுக்கு. புதிதாக வருகிறவர்களையும் அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான்.

ஜெசி அவன் மனைவி. பொம்மிடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். காதல் கல்யாணம். அம்மா அரை மனதோடு சம்மதித்தாள். நான் முழு மனதோடு சம்மதித்ததாக எல்லோரையும் நம்பவைத்தேன். தருமபுரியில் சேலைக்கடை நடத்துகிறவள் நான். முகத்தில் எதை விரித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அவனுடைய முதல் டார்ச் லைட் நான் வாங்கித் தந்தது. முதல் பூட்ஸும் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஜெசி ஒரு கூடாரம் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான்! எந்த மலையில் எடுத்த படத்தைக் காட்டினாலும் "இது ஜெசி வாங்கிக் குடுத்தது" என்பான். எத்தனை அற்பமான விஷயம்... ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. நாற்பதைத் தாண்டியவள், ஒரு கூடாரத்தின்மேல் பொறாமைப்பட்டேன்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு நல்ல கத்தி வேண்டும் என்று தெரிந்தது. அவனிடம் இருந்தது பழசு. ஒருநாள் பேச்சுவாக்கில் அவனே விளக்கினான்:

"மடக்குக் கத்தி காட்டுக்கு ஆவாதுக்கா. மடங்கற எடத்துலயே ஒடஞ்சிரும். அலகும் புடியும் ஒரே இரும்பா இருக்கணும். புடிக்குள்ள கடைசி வரைக்கும் அந்த இரும்பு ஓடணும். பாக்க எப்படி இருந்தா என்ன, அதான் முக்கியம்."

நான் கவனமாகக் கேட்டேன். ஒரு சொல்கூடத் தவறவிடவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை, பார்த்தீர்களா?

பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கடை தேடிப் போனேன். கடைக்காரர் இரண்டு கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்று கருப்புப் பிடி போட்ட சாதாரணக் கத்தி. பிடியின் ஓரம் முழுக்க இரும்பு வெளியே தெரிந்தது. அழகு என்று மருந்துக்கும் இல்லை. மற்றொன்று... அலகு முழுக்க நீரலை போன்ற வரிகள், மான்கொம்பு நிறத்தில் பிடி, பித்தளைப் பூண், பூவேலை செய்த தோல் உறை!

"காட்டுக்குப் போறவரா? அப்ப கருப்ப எடுங்க மேடம். இது ஷோகேஸ்ல வெச்சா சென்னாகிருத்தே" என்றார், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக. கண்ணாடி அலமாரியில் வைத்தால் நன்றாக இருக்குமாம்.

விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கஞ்சத்தனம் என்ற சாக்கும் எனக்கு இல்லை.

ஜரிகையைக் காட்டி நூலை மறைப்பது என் தொழில். எது உழைக்கும், எது பளபளக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருந்தும் பளபளப்பதைத்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இண்டூர் வீட்டில் உறவுகள் கூடும். உறையிலிருந்து கத்தி வெளியே வரும்போது எல்லோர் வாயும் பிளக்க வேண்டும். கருப்புப் பிடியைப் பார்த்து யார் வாயைப் பிளப்பார்கள்?

அந்த ஞாயிறும் வந்தது. கறிச்சோறு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். பெட்டியை ஜெசியிடம் நீட்டி, "நீயே உன் வூட்டுக்காரனுக்குக் குடு" என்றேன். என்ன பெருந்தன்மை! அவள் கையாலேயே என் பரிசு போய்ச் சேர வேண்டும் என்ற வக்கிரம் அது.

அவள் வெள்ளந்தியாகப் பெட்டியைத் திறந்து, உறையைக் கழற்றி, கத்தியை அவன் கையில் கொடுத்தாள்.

"அய்யய்யோ, கீழ வையி! கத்திய கையில குடுக்கறாளே!" என்று அம்மா பதறி எழுந்தாள். கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் கேடு வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. கீழே வைக்க வேண்டும். வாங்குகிறவர் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெசிக்கு அது தெரியாது. அதற்குள் கத்தி கதிரின் கையில் இருந்தது.

அவன் சிரித்தான். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டான்:

"ஏன்க்கா, இரும்பு புடி முச்சூடும் போவுதா? வெளிய தெரியலையே."

இதோ, அந்த நொடி! நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'தெரியல கதிரு, இது அழகுக்கு வாங்கினது, வூட்ல வெச்சுக்க' என்றிருந்தால் போதும். கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பேன். அவன் இரண்டு நாள் கிண்டல் செய்திருப்பான்.

"உள்ள மறஞ்சிருக்குடா. கேட்டுத்தான் வாங்கினேன்" என்றேன்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அக்கா சொன்னால் சரி... அடுத்த பயணத்துக்குப் பழைய கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.

பென்னாகரத்துக்கு அப்பால், காட்டோரம், கூட வந்த ஒருவர் பாறையில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டார். காலுக்குக் கட்டுப்போடக் கதிர் மூங்கிலைப் பிளந்திருக்கிறான். அலகு பாதியில் சிக்கிக்கொண்டது. உடம்பின் பாரத்தையெல்லாம் பிடியின்மேல் போட்டு அழுத்தினான். பிடி தனியாகக் கழன்றது, அலகு புரண்டது, அவன் கை அதன்மேல் போய் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கையைத் தைத்தார்கள். அறுந்த நரம்புகள் ஒழுங்காகக் கூடவில்லை. மூன்று விரல்கள் மடங்குவதே இல்லை. இனி அவன் கயிறு பிடிக்க முடியாது, பாறை ஏற முடியாது. சனிக்கிழமைகளில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

உடைந்த கத்தியை நான் பார்த்தேன். பிடிக்குள் இருந்த இரும்பு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மிச்சமெல்லாம் பசை!

"கடக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்க்கா" என்றான் கதிர். எனக்கு ஆறுதல் சொன்னான்! என்னை எச்சரித்த அந்த ஒரே மனிதரைத் திருடன் ஆக்கிவிட்டு நான் மௌனமாக இருந்தேன்.

அம்மாவுக்குக் கடைக்காரர் பொருட்டே இல்லை. "கையில குடுத்தா பாரு, அன்னைக்கே கீழ வைன்னு கத்துனேன். எம் பொண்ணு பாவம், ஆசையா வாங்கியாந்தா..." என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். கதிரும் ஜெசியும் இப்போது அம்மாவோடு இண்டூரில்தான் இருக்கிறார்கள். ஜெசி அதே வீட்டில், காபி ஆற்றிக்கொண்டே அதைக் கேட்கிறாள்.

முதலில் அவள் நம்பவில்லை. படித்த பெண். ஆனால் தினமும் ஒன்றையே கேட்டால் யாருக்குத்தான் மனம் திரியாது? மெல்ல மெல்ல அவளும் நம்பிவிட்டாள். இப்போது கத்தி மட்டுமல்ல, அவனுக்கு எதையுமே அவள் கையில் கொடுப்பதில்லை. டம்ளர், சீப்பு, மாத்திரை... எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறாள். மடங்காத விரல்களால் அவன் மாத்திரையைப் பொறுக்க முயல்கிறான். அது நழுவி ஓடுகிறது. அவளுடைய கை பதறி முன்னால் வருகிறது, பின்னால் போய்விடுகிறது. இதை நான் எத்தனை முறை பார்த்துவிட்டேன்! ஒருமுறையாவது வாய் திறந்தேனா?

ஏன் திறக்கவில்லை? அம்மாவின் உடம்பு தாங்காது என்று சொல்லிக்கொண்டேன். சொன்னால் மட்டும் கை வந்துவிடுமா என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பசப்பு. கதிர் என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை மாறிவிடுமே என்ற பயம்... அது ஒன்றுதான் காரணம்.

போன வாரம் மதியம் ஜெசி என் கடைக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். டீ வரவழைத்தேன். அவள் தொடவில்லை.

"அண்ணி, உங்க கிட்ட ஒன்னு கேக்கணும். அன்னைக்கு நான் கீழ வெச்சிருந்தா அவருக்கு ஒன்னும் ஆயிருக்காதில்லீங்க?"

நான் டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க வூட்ல இதெல்லாம் சொல்லித் தரலீங்க அண்ணி. நீங்க எவ்ளோ ஆசையா வாங்கியாந்தீங்க... நான் கெடுத்துட்டேன். அத்தை கிட்ட கேக்க எனக்கு தைரியம் இல்ல. நீங்களாவது என்னை மன்னிச்சிடுங்க."

கடையில் வேறு யாரும் இல்லை. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று முட்டியது. நாக்கு நுனிவரை வந்தது...

"விடு ஜெசி. தெரியாமத்தான செஞ்ச" என்றேன்.

ஆம், நான் அவளை மன்னித்தேன்!

அவள் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள். கிளம்பும்போது திரும்பி, "ரொம்ப நன்றிங்க அண்ணி" என்றாள்.

அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.