அந்த நாட்டு கோல்கீப்பர்

நான் ஒரு வெளிநாட்டு அணிக்காகக் கால்பந்து ஆடியிருக்கிறேன். சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை, சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எழுபதுகளின் கடைசியில், தென்காசி மைதானத்தில், ஒரே ஒரு நாள். நான் ஆடிய மொத்த ஆட்டமும் அதுதான்.

அப்போது எங்கள் பெண்கள் அணியில் நான் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது என்றால் பெஞ்சு என்று அர்த்தம். முதல் கோல்கீப்பர் மகராசிக்கு மூன்று வருஷத்தில் ஒரு தலைவலி, காய்ச்சல் வரவில்லை. அவள் பந்தைப் பிடித்தாள், நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தேன். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்து இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு உண்மையிலேயே தையல் படித்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் ஒரு தடவையாவது கோலில் நின்றுவிட வேண்டும், மெட்ராஸில் நடக்கும் மாநில அணி கேம்புக்குப் போய்விட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்லக்கூட எனக்கு ஆள் இல்லை.

அந்த வருஷம் ஆனி மாதச் சாரலில், கடல் நடுவே இருக்கும் ஒரு சின்ன நாட்டின் பெண்கள் அணி கொல்லத்தில் ஆட வந்திருந்தது. அந்த நாட்டுச் சனம் மொத்தமும் எங்கள் ஊர்த் தேரோட்டக் கூட்டத்துக்குள் அடங்கிவிடும் என்று எங்கள் பி.டி. டீச்சர் சொன்னார்கள். அவர்கள் செங்கோட்டை வழியாக ரயிலில் மதுரை போகிறபோது எங்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. வந்தவர்களைப் பார்த்ததும் எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்களைப் போலவே கறுப்பு, எங்களைப் போலவே ஒல்லி. எண்ணிப் பதினொரு பேர். பன்னிரண்டாவது பெண் காய்ச்சலில் கொல்லத்திலேயே தங்கிவிட்டாளாம்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனோம். அருவிக்கு வந்த விருந்தாளியை எண்ணெய் தேய்க்காமல் குளிக்க விடுவோமா? ஆளுக்கு ஒருத்தியைப் பிடித்து உட்கார வைத்து நல்லெண்ணெய் தேய்த்தோம். என் பங்குக்கு வந்தவள் அவர்களுடைய கோல்கீப்பர். நீளமான விரல்கள் அவளுக்கு. நான் உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால்வரை சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். எண்ணெய்க் காலோடு பாறையில் ஏறக் கூடாது, சீயக்காய் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டுதான் ஏற வேண்டும். இது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தருகிற சங்கதி இல்லை. அதனாலேயே நானும் சொல்லவில்லை. அவள் நாலு எட்டு வைத்தாள், வழுக்கினாள், கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் அவர்களுடைய கோச் அம்மா எங்கள் டீச்சரிடம் வந்து ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். பெண்களுக்கு எதற்குப் பந்து என்று கேட்கிறவர்கள் அந்த ஊரிலும் உண்டாம். பதினொரு பேருக்கு ஆள் இல்லாமல் ஆட்டத்தை விட்டோம் என்றோ, வெளியாளை வைத்து ஆடினோம் என்றோ செய்தி போனால் அணியையே கலைத்துவிடுவார்களாம். டீச்சர் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, நாளைக்கு அவுக கோலுல நீ நில்லு. ஆனா ஆட்டம் முடிஞ்சு அவுக ரயிலேறுற வரைக்கும் நீ நம்ம ஊர்க்காரின்னு ஒரு ஆளுக்குத் தெரியப்பிடாது. அந்தப் பிள்ளைக கதி உன் வாயிலதான் இருக்கு, பாத்துக்கோ."

சரி என்று தலையாட்டினேன். எலும்பை முறித்தவள் வேறு என்ன சொல்ல முடியும்? மனசுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அடுத்த நாள் ஆட்டத்தைப் பார்க்க மதுரையிலிருந்து தேர்வாளர் ஒருவர் வருவதாக இருந்தது. மெட்ராஸ் கேம்புக்கு ஆள் எடுப்பவர் அவர்தான். எந்த ஜெர்சியில் நின்றால் என்ன, பந்தைப் பிடித்தால் கண்ணில் படாமலா போய்விடும் என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அணிப் பிள்ளைகளிடமும் டீச்சர் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஊரில் யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று பயந்தேன். அந்தப் பயமே வீண். மூன்று வருஷம் பெஞ்சில் இருந்தவளுடைய முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கூட்டத்தில் பாதிப் பேர் சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள். நான் பச்சை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் கேப்டன் என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோது என் காதில் விழுகிற மாதிரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கைய ஒடிச்சில்லா இடத்தப் பிடிச்சிருக்கா."

கூடவே ஆடிப் பழகியவள் அவள். திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது.

அன்றைக்குப் போல நான் தனியாக நின்றதே இல்லை. எனக்கு முன்னால் ஆடிய பிள்ளைகள் என்னைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ கத்தினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே வந்தவர்கள் பேசியது எல்லாம் புரிந்தது, அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. சாரல் முகத்தில் அடித்தது. அழுதாலும் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. ஆனால் பந்து வரும்போது வேறு எதுவும் நினைவில் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் எந்தக் காலால், எந்த மூலைக்கு அடிப்பாள் என்று எனக்கு மனப்பாடம். பெஞ்சிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. கேப்டனின் பெனால்ட்டியையும் பாய்ந்து தட்டிவிட்டேன். வெளியூர்க் கூட்டம் கைதட்டியது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று அந்தச் சின்ன நாடு ஜெயித்தது. அந்த ஒன்றை வாங்கியவள் எங்கள் மகராசி.

தேர்வாளர் மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அங்கேயே பெயர்களைப் படித்தார். கேம்புக்கு இரண்டு பேர். ஒருத்தி கேப்டன். கோல்கீப்பர் இடத்துக்கு எங்கள் மகராசி. படித்து முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். கையை நீட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ பாராட்டினார். நான் 'தேங்க் யூ' என்றேன்.

என் பக்கத்தில் அந்தப் பெண் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பேச்சு புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நான் தென்காசி." வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மூச்சு நேரத்து வேலை.

அவர் டீச்சரிடம் திரும்பினார். எனக்குப் புரியாது என்ற நிச்சயத்தில், என் முன்னாலேயே, நல்ல தமிழில் சொன்னார்:

"நம்ம பிள்ளைங்க சுமார்தான் டீச்சர். இந்தப் பொண்ணு மட்டும் நம்ம ஊர்ப் பொண்ணா இருந்திருந்தா, இப்பவே கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் தமிழே தெரியாதவளாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.