ரேஸ் வண்டிக்கு உட்கார்ந்து அளவு கொடுத்தது

சின்னமனூர் ரோட்டில் என் மாப்பிள்ளைக்குக் கேட், கிரில் அடிக்கும் பட்டறை. அதற்கு வேண்டிய படங்களை மகள் வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில் போடுவாள். போன வருடம் கோயம்புத்தூரில் படிக்கும் சில பெண்கள், தாங்கள் கட்டும் ரேஸ் வண்டிக்குக் குழாய்க் கூடு வரைந்து பற்றவைத்துத் தரச் சொன்னார்கள். கேட்டில் எல்லாம் நேர்கோடு. இந்தக் கூட்டில் ஒரு குழாய்கூட நேராக நிற்காது.

முதலில் நூல் கட்டினாற்போல் வெறும் கோடுகளை வரைந்தாள். பிறகு ஒவ்வொரு கோட்டின் மேலும் குழாய் ஏறியது. சாய்வாக இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒன்றின் முனையை மீன் வாய் போல வெட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படத்துக்கு எழுத்து எதற்கு.

வண்டி ஓட்டப்போகும் பெண் என் உயரமாம். பரீட்சை என்று அவள் வரவில்லை. மகளோ அப்பாவைக் கொண்டு நெட்டை. அதனால் நான் உட்கார்ந்தேன். திராட்சைப் பெட்டியின் மேல் பலகையைச் சாய்த்து, காலை நீட்டி, தலையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். டேப்பின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்தார். மாமியார் மாப்பிள்ளை முறை என்பதால் நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை.

“அத்தையத் தலைய ஆட்டாம இருக்கச் சொல்லு.”

“ஆட்டலன்னு சொல்லு.”

இருவருக்கும் நடுவே இரண்டு அடி இருக்கும்.

“கொண்டைய அவுத்துருறியாம்மா?” என்றாள் மகள்.

“மாப்பிள்ள முன்னாடியா? அது அமுங்கிரும். நீ அள.”

அமுங்காது. உள்ளே சவுரி முடி இருந்தது. பல வருடமாக வைக்கிறேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதுபாட்டுக்கு என் தலையை மூன்று விரல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய வளையம் வரும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பது அதுதான். தலையை ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் அளவுக்கு மேல் சாயக் கூடாது. சாய்ந்தால் போட்டி நடத்துபவர்கள் வண்டியை உள்ளேயே விட மாட்டார்கள். என் தலை முன்னால் வந்ததால் வளையமும் முன்னால் சாய்ந்தது. அதை நிமிர்த்தினால் தலைக்கு எட்டவில்லை. எட்ட வைத்தால் மற்ற குழாய்கள் மூட்டு விட்டுக் கம்ப்யூட்டரில் சிவப்பாகின. இரண்டு நாள் மகள் இதையே செய்தாள். சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்து, “நாளைக்கு அறுத்தாகணும். குழாய் கணக்கா வந்துருக்கு, ஒண்ணு தப்பா அறுத்தாலும் போச்சு,” என்றார்.

“திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு இது வரல. கேட்டே வரையிறேன்,” என்றாள் மகள்.

அந்தப் பெண்களிடம் சொல்ல மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

என் மகள் ‘வரல’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சவுரியைக் கழற்றி கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன்.

“என்னம்மா இது, எலி கணக்கா?”

“முடி. மூணு விரக்கட. ஓன் கோட்டுல தப்பு இல்ல.”

அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். “எத்தன வருசமா?”

“அத எதுக்கு அளக்குற? தலைய அள. அவுகளப் போன வைக்கச் சொல்லு.”

மாப்பிள்ளை உள்ளே வந்தார். என் தலையையும் பார்த்தார், மேசையையும் பார்த்தார். பிறகு டேப்பை மட்டும் பார்த்தார்.

“அத்தை நல்லாச் சாஞ்சிருக்காகளான்னு கேளு.”

“சாஞ்சிருக்கேன்னு சொல்லு.”

மகள் புது அளவைப் போட்டாள். வளையம் பின்னால் போய் நிமிர்ந்தது. அதைப் பிடித்திருந்த குழாய்களும் கூடவே நகர்ந்தன. சிவப்பு போய்விட்டது. மாப்பிள்ளை அறுக்கும் அளவுகளைத் தாளில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

படம் ஏன் தாமதம் என்று கோயம்புத்தூரிலிருந்து கேட்டிருந்தார்களாம். மகள் பதில் எழுதினாள்.

“என்ன எழுதுற?”

“அளவெடுத்ததுல தப்புன்னு.”

“எடுத்தது நீயி. குடுத்தது நானு. குடுத்ததுல தப்புன்னு எழுது.”

அவள் மாற்றி எழுதினாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்ப விட்டேன்.