பீப்பாவின் நெஞ்சு

சித்தப்பா ஒரு நாயைப் பார்க்கும்போது முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து, முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே கையை விட்டு நெஞ்சைத் தடவுவார். பிறகு நாலடி தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அது யார் வீட்டு நாய், கடிக்குமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இரண்டு தடவை கடியும் வாங்கியிருக்கிறார்.

கொட்டாரம் என்ற ஊரிலிருந்து வயல்வழியாக நடந்தால் அரைமணி நேரத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நான்கு பேர். ஐந்தாவதாக ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை நாய். கோவில்பட்டிப் பக்கம் யாரிடமோ சொல்லி வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துச் சித்தப்பா கொண்டுவந்தது. முயல் வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த இனம். ஆனால் வேட்டைக்குப் போனால் வனத்துறைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், அது எங்கள் முற்றத்தில் படுத்துக் கோழிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் நாய்களை ஓடவிட்டுப் பார்ப்பதோடு சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அந்த நாய் நான்கு குட்டிகள் போட்டது. குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆனதும் ஒருநாள் காலையில் சித்தப்பா அவற்றை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். வரிசை என்பது அவர் மனதில்தான் இருந்தது. ஒன்று நின்றால் இன்னொன்று ஓடியது. ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துத் தடவினார். மூன்று குட்டிகளுக்குத் தலையாட்டினார். நான்காவதின் நெஞ்சில் கை வைத்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்க நெஞ்சப் பாத்தியளா? கீழ எறங்கவே இல்ல. பக்கத்துல உருண்டு கெடக்கு, பீப்பா மாதிரி. இது ஓட்டத்துக்கு ஆவாது."

வேட்டை நாயின் நெஞ்சு முன்னங்கால் முட்டிவரைக்கும் ஆழமாக இறங்கியிருக்க வேண்டுமாம். முன்னால் நின்று பார்த்தால் மீன்பிடி வள்ளத்தின் முனைபோல ஒடுங்கியிருக்க வேண்டுமாம். அங்கிருந்து வயிறு வில்லாக வளைந்து மேலே ஏறி இடுப்போடு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். மூச்சுக்கு இடம் ஆழத்தில் இருக்க வேண்டும், அகலத்தில் இருந்தால் கால்கள் விலகிக்கொள்ளும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் எதையும் அறியாத நான்காவது குட்டி, என் பாவாடை நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதற்குப் பீப்பா என்று பெயர்.

மூன்றில் மிகவும் லட்சணமான ஆண்குட்டியைச் சித்தப்பா தனக்கென்று வைத்துக்கொண்டார். மற்ற இரண்டும் கூட்டாளிகளுக்குப் போயின. பீப்பாவை ராஜாக்கமங்கலத்து மாமாவுக்குத் தருவதாக ஏற்பாடு. அம்மாவின் பெரியப்பா மகன் அவர். தென்னந்தோப்பில் கட்டிப்போட ஒரு நாய் கேட்டிருந்தார். குரைப்பதற்கு நெஞ்சு லட்சணம் வேண்டியதில்லையாம்.

நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பா என் தலையில் தட்டி, "செரி மக்ளே, அதுக்க நெஞ்சு ஒரு நாலு விரல் எறங்கட்டும். பொறவு பாப்போம்" என்றார். மாமா வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. பேச்சை முடிப்பதற்காகப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை அது என்று எனக்குத் தெரியாது. நான் வேலையில் இறங்கிவிட்டேன்.

நீந்தினால் நெஞ்சு விரியும் என்று எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு சார் சொல்லியிருந்தார். அம்மா துணி துவைக்கக் குளத்துக்குப் போகும்போதெல்லாம் பீப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து நீந்தவிட்டேன். எனக்குத் தந்த முட்டையில் பாதி அதற்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் தையல் நாடாவை எடுத்து அதன் நெஞ்சைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதினேன். அது வளர்கிற குட்டி, எப்படியும் அளவு கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடியது போதாது என்று பட்டபோது நாடாவுக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்து அளந்தேன்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் அந்த நாடாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சித்தப்பா போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். இனி நாகர்கோவில் மைதானத்தில் உடல் தேர்வு. விடியற்காலையில் எழுந்து நான்கு வழிச்சாலை வரைக்கும் ஓடிவிட்டு வருவார். ஓட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. உயரமும் உண்டு. மூச்சை இழுத்துப் பிடித்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பதுதான் இடித்தது. வாரத்துக்கொரு முறை அப்பா அளந்து பார்ப்பார். சித்தப்பா சட்டையைக் கழற்றி, கண்ணை இறுக மூடி, முகம் சிவக்க மூச்சை இழுத்து நிற்பார்.

"அஞ்சு தெகஞ்சிற்று" என்பார் அப்பா.

ஒருமுறை நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பாவின் சுட்டுவிரல் நாடாவுக்கு அடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் முறையையே அப்பாவும் கடைப்பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

தேர்வன்று சித்தப்பா முதல் பஸ்ஸுக்குப் போனார். சாயங்காலம் ஆகும் என்று நினைத்திருந்தோம். பத்து மணிக்கே திரும்பிவிட்டார். ஓடுவதற்கென்று வாங்கிய புது ஷூ அப்படியே பைக்குள் இருந்தது. மண் ஒட்டவில்லை.

"ஓட விடல்ல அண்ணே" என்றார் அப்பாவிடம். "அளந்த ஒடனேயே போகச் சொல்லிட்டாவ. ஒரு சென்டிமீட்டர் கொறவாம்." பையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம நாடா செரியில்லன்னு நெனைக்கேன்" என்றார்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. "எனக்க நாடாவா? அதுல அளந்து தச்ச ஒரு ரவிக்கையாவது..." என்று ஆரம்பித்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்பா எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டார். அடுத்த தேர்வு வரும்போது சித்தப்பாவுக்கு வயது தாண்டிவிடும் என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான்: சித்தப்பாவுக்கும் நெஞ்சு போதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜாக்கமங்கலத்து மாமா ஆட்டோவில் வந்தார். கையில் ஒரு கயிறும் கொண்டுவந்திருந்தார். நான் பீப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, என் அளவு நோட்டோடு சித்தப்பா முன்னால் போய் நின்றேன்.

"நாலு விரலுக்கு மேலயே கூடியிருக்கு சித்தப்பா. பாருங்கோ."

சித்தப்பா நோட்டைப் பார்க்கவில்லை. பீப்பாவை வாங்கிக் கீழே நிறுத்தினார். வழக்கம்போல் முன்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டார். கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார். பீப்பா அவர் மூக்கை நக்கியது.

"என்ன மாப்ளே இவ்வளவு யோசன?" என்று மாமா சிரித்தார். "நெஞ்சு இல்லாத்த நாய்தானே, தோப்புல கெடந்து லொள்ளுலொள்ளுன்னு கொலைக்கட்டும்."

"இல்ல அத்தான். இது இஞ்ச நிக்கட்டும்."

"அப்பம் எனக்கு?"

சித்தப்பா எழுந்துபோய்த் தன்னுடைய ஆண்குட்டியைத் தூக்கிவந்து மாமாவின் கையில் கொடுத்தார். தாயைப் போலவே நெஞ்சு இறங்கி, வயிறு ஏறி, எட்டு ஊரில் காட்டலாம் போலிருந்த குட்டி. அப்பா, "ஏலே, ஒனக்குக் கிறுக்கா?" என்று கேட்டேவிட்டார்.

"அவனுக்கு எங்க போனாலும் ஒரு கொறவும் வராது" என்றார் சித்தப்பா. "கட்டிப் போடாதீங்க அத்தான், கொஞ்சம் ஓட விடுங்க."

பீப்பா பிறகு பத்து வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்தது. எந்த வயலிலும் முதலாவதாக ஓடவில்லை. சித்தப்பா சரக்கு லாரி ஓட்டப் போய்த் திரும்பும் நாட்களில், தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டதும் அது ஓடுகிற ஓட்டத்தை மட்டும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வெற்றிக் களிப்பு தாங்கவில்லை. என் நீச்சல் பயிற்சியால்தான் பீப்பா தப்பியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே பலனைச் சித்தப்பாவுக்கும் தருவதென்று தீர்மானித்து, அவர் கையைப் பிடித்துக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் மறுக்காமல் வந்தார். பீப்பா எங்களுக்கு முன்னால் ஓடிப் படித்துறையில் காத்து நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நான் சொன்னேன்: "சித்தப்பா, நீங்களும் பீப்பாகூட தெனமும் நீந்துங்கோ. ஒரே மாசத்துல நெஞ்சு வந்துரும். பொறவு அவங்களே ஒங்கள வந்து கூப்பிடுவாவ."

சித்தப்பா என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே சட்டென்று தண்ணீருக்குள் முங்கிவிட்டார்.

நான் எண்ண ஆரம்பித்தேன். இருபது, முப்பது, நாற்பது. பீப்பா பதறிப்போய் அவர் முங்கிய இடத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. அறுபத்து மூன்றில் அவர் தலை வெளியே வந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. குளத்துத் தண்ணீர் அப்படித்தான், எனக்கும் சிவக்கும். முகத்தை உள்ளங்கையால் வழித்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முங்கினார்.

இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிற ஒரு ஆளை எப்படி வேண்டாம் என்று சொன்னார்கள் என்பது ஒன்றுதான் அன்று எனக்குப் புரியவில்லை. மற்றதெல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.