மஸ்கியும் அத்தானின் வீடியோ கோலும்

நான்கு இலையுதிர்காலமாக, நான் இருக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து மூன்று மணிநேரம் வடக்கே கார் ஓடி, ஒரே ஏரியில் தூண்டில் எறிகிறேன். மஸ்கி என்ற அந்தப் பெரிய மீன் ஒருநாளும் கடித்ததில்லை.

இன்று கடித்தது. என் நெஞ்சளவு நீளம்.

படகில் கூட வந்தவர் அத்தான், அக்காவின் கணவர். இந்த மீனைத் தின்பதற்காகப் பிடிப்பதில்லை, வலையோடு தண்ணீரிலேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றி விட்டுவிடவேண்டும் என்று வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். "ஓம், ஓம்" என்றார்.

தூண்டிலைக் கழற்றிவிட்டு, இடுக்கியைக் கீழே வைக்கத் திரும்பினேன். அதற்குள் மீனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ கோல் எடுக்கிறார்.

"அத்தான், தண்ணிக்குள்ள விடுங்கோ! சாகப்போகுது!"

"பொறடா, சிக்னல் சரியில்லை. அம்மா ஒருக்காப் பாக்கட்டும்."

அவருடைய அம்மா பார்த்தார். "முழுசாக் காட்டு தம்பி" என்றார். பிறகு பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டார்.

மூன்று நிமிடம்.

நான் பறித்துத் தண்ணீரில் விட்டபோது மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அரை மணிநேரம் வாலைப் பிடித்தபடி இருந்தேன். கை விறைத்துப்போனது. கடைசியில் ஒரு உதறு உதறிவிட்டுக் கீழே போனது. பிழைக்குமா, தெரியாது.

எனக்குப் பின்னால் அத்தான் இன்னும் போனில்: "விட்டிட்டான் அம்மா. சரியான விசரன். எவ்வளவு பெரிய மீன்!"

அந்தக் கோலில் எடுத்த படத்தை இப்போது "நான் பிடிச்சது" என்று முகநூலில் போட்டிருக்கிறார். கீழே "கலக்கிட்டீங்கள் அண்ணை" என்று எழுதியவர்கள் இங்கேயும் வாருங்கள். உங்களில் யார் மூன்று நிமிடம் மூச்சை அடக்கிக் காட்டப் போகிறீர்கள்?